சாயம் காய்ந்த பிறகுதான் நிறம்: அஜைல், ஸ்க்ரம் பற்றி ஓர் அறிமுகம்

மதுரையில் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள ஐடி அலுவலகங்களில் யாரைக் கேட்டாலும் "நாங்க அஜைல்லதான் வேலை பாக்குறோம்" என்பார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். காலையில் நின்றுகொண்டு நடத்தும் மீட்டிங் என்பார் ஒருவர். ஆவணம் எதுவும் எழுத வேண்டாம் என்பதுதான் அஜைல் என்பார் இன்னொருவர். ஆறு மாத வேலையை மூன்று மாதத்தில் முடிக்கும் வழி என்று நம்பும் மேலாளர்களும் உண்டு. இந்தக் கடைசி நம்பிக்கைதான் அதிகம் கெடுக்கிறது. அந்த ஆசையில், அஜைல் வழியில் வேலை செய்ய உதவும் ஸ்க்ரம் என்ற முறையைத் தொடங்கும் குழு சில மாதங்களில் "இது நமக்கு ஒத்துவராது" என்று கைவிடும். அல்லது மீட்டிங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையபடியே வேலை பார்க்கும்.

அஜைல் எதற்கு என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒரு தவறு நடந்த நாளுக்கும் அது கண்ணில் படும் நாளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதற்கு. இனி வரும் பெயர்கள், கூட்டங்கள், பட்டியல்கள் எல்லாம் அந்த ஒரு வேலைக்காக வந்தவை.

## இருநூறு சுங்குடிச் சேலை

ஒரு ஜவுளிக்கடைக்காரர் சித்திரைத் திருவிழா விற்பனைக்கு 200 சுங்குடிச் சேலை கேட்கிறார். "அரக்கு நிறம், கொஞ்சம் அடர்த்தியா இருக்கட்டும்" என்கிறார். 200 துணியையும் முடிச்சுப் போட்டு, எல்லாவற்றையும் சாயத்தில் முக்கி, கடைசி வாரத்தில் முடிச்சவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரு வழி. அன்றைக்குக் கடைக்காரர் "நான் சொன்ன அரக்கு இது இல்லையே" என்றால் இரண்டு பேருக்கும் நஷ்டம். யார் மீதும் தப்பு இல்லை. அரக்கு என்ற சொல் இருவர் மனதிலும் இரண்டு நிறமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி, முதலில் இரண்டே சேலை போடுவது. முடிச்சுப் போட்டு, சாயம் ஏற்றி, அலசி, காயவைத்து, முடிச்சவிழ்த்து, கடைக்காரரை வெயிலில் நிறுத்திக் காட்டுவது. "இன்னும் ஒரு பங்கு கருப்பு கூட்டுங்க" என்று அவர் சொன்னால் மீதி 198 அதன்படி போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டு சேலையை எந்த நிலையில் காட்டுகிறோம் என்பது. துணி ஈரமாக இருக்கும்போது எந்தச் சாயமும் கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். முடிச்சு அவிழாதவரை புள்ளி எப்படி விழுந்திருக்கிறது என்பது தெரியாது. தொட்டியில் ஊறும் துணியைக் காட்டி "எண்பது சதவீதம் முடிஞ்சது" என்று சொன்னால் கடைக்காரரால் எதையும் முடிவு செய்ய முடியாது. சின்ன அளவாக இருந்தாலும் காட்டுவது முழுதாக முடிந்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: மாதிரி போட்டுக் காட்டியதால் ஒரு சேலைக்கு ஆகும் நேரம் குறையவில்லை. சாயம் ஏறும் நேரமும் காயும் நேரமும் அதேதான். சொல்லப்போனால் மாதிரிக்கு இரண்டு நாள் கூடுதலாகப் போனது. குறைந்தது, 200 சேலை வீணாகும் அபாயம்.

இதுவரை பார்த்தது: கொஞ்சமாக எடு, முழுதாக முடி, வாங்குபவர் கண் முன்னால் வை, அவர் சொன்னதைக் கேட்டு அடுத்ததைத் திருத்து.

## மென்பொருளில் இது எப்படி நடக்கிறது

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பழைய முறையில் முதல் மாதம் முழுக்கத் தேவைகளை எழுதுவார்கள். அடுத்து வடிவமைப்பு, அடுத்து நிரல், அடுத்து சோதனை, கடைசியில் ஒப்படைப்பு. மேலிருந்து கீழே மட்டுமே விழும் அருவி போல இருப்பதால் இதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர் வந்தது. இந்தப் படிநிலையை விளக்கியவராகச் சொல்லப்படும் வின்ஸ்டன் ராய்ஸ், 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இதை அப்படியே பின்பற்றுவது ஆபத்து என்று எழுதியிருக்கிறார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது.

நம் மளிகைக்கடைக்கு வருவோம். முதல் மாதத்தில் "பில்லில் பொருள், அளவு, விலை வர வேண்டும்" என்று எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று. நிரல் எழுதுபவருக்கு அளவு என்றால் கிலோ. கடையில் அளவு என்றால் 50 கிலோ மூட்டை, 25 கிலோ சிப்பம், சில்லறை கிலோ எல்லாம் உண்டு. சில சரக்குக்குச் சாக்கு எடையும் கழிக்க வேண்டும். ஆறாம் மாதம் பில் போட உட்காரும்போதுதான் இது வெளியே வரும். அதற்குள் இருப்புக் கணக்கு, கொள்முதல், அறிக்கைகள் எல்லாம் கிலோவை நம்பிக் கட்டப்பட்டிருக்கும். ஒரு சொல்லால் வந்த குழப்பத்தைத் திருத்த எல்லா இடத்தையும் உடைக்க வேண்டும்.

இப்படி அடிபட்ட அனுபவம் உலகம் முழுக்க இருந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் மென்பொருள் துறையைச் சேர்ந்த 17 பேர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதுதான் அஜைல் அறிக்கை. அதில் நான்கு மதிப்பீடுகள். அவற்றின் பின்னால் 12 கோட்பாடுகள். முறைகளையும் கருவிகளையும் விட ஆட்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம். விரிவான ஆவணத்தை விட ஓடுகிற மென்பொருள் முக்கியம். ஒப்பந்தப் பேரத்தை விட வாடிக்கையாளரோடு கைகோத்து வேலை செய்வது முக்கியம். போட்ட திட்டத்தையே பிடித்துக்கொண்டிருப்பதை விட மாற்றத்துக்கு இடம் கொடுப்பது முக்கியம்.

ஆவணம் வேண்டாம், திட்டம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையில் எழுதிவைத்தார்கள். அந்த வரியைப் படிக்காமல் போவதால்தான் மூன்று வருடம் கழித்து வரும் புதியவருக்கு ஒரு குறிப்புகூட இல்லாத மென்பொருள்கள் உருவாகின்றன.

## அஜைல் வேறு, ஸ்க்ரம் வேறு

அஜைல் என்பது வேலையைப் பார்க்கும் நோக்கு. ஸ்க்ரம் என்பது அந்த நோக்கோடு வேலை செய்ய உதவும் சட்டகங்களில் ஒன்று. வேறு சட்டகங்களும் உண்டு. ஸ்க்ரத்தை வடிவமைத்தவர்கள் கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட். 1995இல் பொதுவில் முன்வைத்தார்கள், அஜைல் அறிக்கைக்கு ஆறு வருடம் முன்பே. பெயர் ரக்பி விளையாட்டிலிருந்து வந்தது. புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்களை ரக்பி அணியோடு ஒப்பிட்டு டகெயுச்சி, நொனாகா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986இல் எழுதிய கட்டுரை அதற்கு விதை.

ஸ்க்ரத்தின் விதிகள் ஒரு சிறு கையேட்டில் இருக்கின்றன. 2010இல் முதலில் வந்தது. 2020 நவம்பர் பதிப்பு பதினைந்து பக்கத்துக்குள் அடங்கும். அதைப் படித்தால் ஒன்று புரியும்: ஸ்க்ரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பல விஷயங்கள் அதில் கிடையாது. வேலையின் அளவைக் குறிக்கப் பல குழுக்கள் போடும் ஸ்டோரி பாயின்ட் என்ற மதிப்பு இல்லை. எந்த மென்பொருள் கருவியின் பெயரும் இல்லை. நின்றுகொண்டு பேச வேண்டும் என்றுகூட இல்லை. இருப்பது மூன்று பொறுப்பு, ஒரு சுழற்சி, அதற்குள் நான்கு கூட்டம், மூன்று பொருள்.

## யார் யார்

புராடக்ட் ஓனர் என்பவர் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசைப்படுத்துபவர். இவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். மளிகைக்கடையில் முதலாளி ஒன்று சொல்வார், மகன் ஒன்று சொல்வார், கணக்குப்பிள்ளை வேறொன்று சொல்வார். மூன்று பேரையும் கேட்க வேண்டும். ஆனால் வரிசை ஒருவர் வாயிலிருந்து வர வேண்டும். அந்த அதிகாரம் இல்லாத ஒருவரைப் பெயருக்கு உட்காரவைத்தால், குழு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் "கேட்டுச் சொல்றேன்" என்ற பதில்தான் கிடைக்கும். கேட்டுச் சொல்வதற்குள் மூன்று நாள் போய்விடும்.

டெவலப்பர்கள் என்றால் நிரல் எழுதுபவர்கள் மட்டும் இல்லை. சோதிப்பவர், திரையை வடிவமைப்பவர் என்று பொருளை உருவாக்கும் எல்லோரும் அதில் அடக்கம்.

ஸ்க்ரம் மாஸ்டர் என்ற பெயர் நிறையக் குழப்பம் தருகிறது. நம் ஊரில் மாஸ்டர் என்றால் அடுப்படியை ஆளுகிறவர். இங்கே மாஸ்டர் வேலை ஏவுகிறவர் அல்ல. முறை சரியாக நடக்கிறதா என்று பார்த்து, குழுவுக்கு வரும் தடைகளை விலக்கி, தெரியாததைச் சொல்லிக்கொடுப்பவர். டீம் லீடரையே பெயரை மாற்றி உட்காரவைத்தால், அவர் முன்னால் "எனக்குப் புரியலை" என்று சொல்ல ஆட்கள் தயங்குவார்கள். தடைகள் மறைந்தே கிடக்கும்.

மூன்று பொறுப்பும் சேர்த்துக் குழு பொதுவாகப் பத்துப் பேருக்குள் இருக்கும்.

## பட்டியலும் வெட்டும் திசையும்

செய்ய வேண்டிய எல்லாவற்றையும் முக்கியத்துவப்படி அடுக்கிய பட்டியலுக்கு புராடக்ட் பேக்லாக் என்று பெயர். மேலே இருப்பவை விவரமாக இருக்கும். கீழே இருப்பவை ஒரு வரியில் இருந்தால் போதும். விவரமான ஓர் உருப்படி இப்படி இருக்கும்:

"கடனுக்கு வாங்குபவருக்கு பில் போடும்போது அவருடைய பழைய பாக்கி பில்லின் அடியில் தெரிய வேண்டும். கல்லாவில் இருப்பவர் பேரேட்டைப் புரட்டாமல் சரக்கை விடலாமா என்று முடிவு செய்ய இது தேவை."

அதன் கீழே ஏற்பு நிபந்தனைகள், அதாவது எது எது நடந்தால் இது சரி என்று ஒப்புக்கொள்வோம் என்ற குறிப்பு. பாக்கி இல்லாதவருக்கு அந்த வரியே வரக்கூடாது. அன்று காலை கட்டிய பணமும் கழிந்திருக்க வேண்டும். கடன் வரம்பைத் தாண்டினால் எண் சிவப்பாகத் தெரிய வேண்டும், ஆனால் பில் நிற்கக்கூடாது. விடுவதும் நிறுத்துவதும் முதலாளி முடிவு. இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டு எழுதாவிட்டால், நிரல் எழுதுபவர் நல்ல எண்ணத்தில் பில்லையே தடுத்துவிடுவார். இருபது வருட வாடிக்கையாளர் கடைவாசலில் நின்றுகொண்டிருப்பார்.

பெரிய வேலையைச் சிறிதாக வெட்டுவதில்தான் புதிய குழுக்கள் அதிகம் தடுமாறுகின்றன. முதல் சுழற்சியில் தரவுத்தளம், இரண்டாவதில் திரை, மூன்றாவதில் அச்சு என்று வெட்டினால் மூன்றாவது முடியும்வரை காட்ட எதுவும் இருக்காது. அது வாட்டர்ஃபாலைத் துண்டுபோட்டது, அவ்வளவே. கேக் வெட்டுவது போல மேலிருந்து அடிவரை வெட்ட வேண்டும். முதல் சுழற்சியில் ரொக்க பில் மட்டும், பத்தே பொருள், வரி ஒரே விகிதம். ஆனால் திரையில் அடித்தால் காகிதத்தில் பில் வந்து விழ வேண்டும். கடன், பல விகித வரி, ஈ-வே பில் எல்லாம் அடுத்தடுத்த துண்டுகள்.

## இரண்டு வாரம்

ஸ்பிரின்ட் என்பது அளவு மாறாத ஒரு காலச்சுழற்சி. ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. பல குழுக்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றன.

முதல் நாள் திட்டமிடல். இந்த இரண்டு வாரத்தின் இலக்கு என்ன என்று ஒரு வாக்கியம் எழுதி, அதற்குத் தேவையானவற்றை பேக்லாக்கின் மேலிருந்து டெவலப்பர்கள் எடுக்கிறார்கள். இலக்கு, எடுத்த உருப்படிகள், எப்படிச் செய்வது என்ற திட்டம் மூன்றும் சேர்ந்தது ஸ்பிரின்ட் பேக்லாக். எவ்வளவு எடுப்பது என்பதை வேலை செய்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஏழு டெவலப்பர், பத்து நாள், ஆக எழுபது நாள் உழைப்பு என்று கணக்குப் போட்டால் முதல் வாரத்திலேயே உதைக்கும். ஒருவருக்கு வீட்டில் காதுகுத்து, இரண்டு நாள் வரமாட்டார். இன்னொருவரைப் பழைய மென்பொருளில் பிழை என்று தினம் ஒரு மணி நேரம் கூப்பிடுவார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். முதல் ஸ்பிரின்டுக்கு முடியும் என்று தோன்றுவதில் பாதியை எடுப்பது நல்லது. மிச்சம் நேரம் இருந்தால் பட்டியலில் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம்.

டெய்லி ஸ்க்ரம் தினமும் 15 நிமிடம், டெவலப்பர்களுக்காக. அது கெட்டுப்போவது எப்படி என்று காதால் கேட்டாலே தெரியும். "நேத்து பிரிண்ட் வேலை பாத்தேன் சார். இன்னைக்கும் அதான் சார்." ஏழு பேரும் மேலாளர் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டுக் கலைந்தால் அது வருகைப்பதிவு. சரியாக நடக்கும் இடத்தில் இப்படிக் கேட்கும்:

"பில் வருதுக்கா, ஆனா தமிழ் எழுத்து கட்டம் கட்டமா விழுது. அந்த பிரிண்டர்ல தமிழ் ஃபான்ட் இல்ல. நேத்துல இருந்து இதுலயே நிக்குறேன்."

"எழுத்த படமா மாத்தி அனுப்புனா வந்துரும் தம்பி. பதினொரு மணிக்கு ரெண்டு பேரும் உக்காருவோம்."

"அப்ப அக்கா எடுத்த வரிக் கணக்க நான் பாத்துக்கிறேன்."

அரை நிமிடத்தில் அன்றைய திட்டம் மாறிவிட்டது. பேச்சு ஒருவருக்கொருவர் நடக்கிறது, மேலே யாருக்கும் போகவில்லை.

கடைசி நாளில் ரிவ்யூ. முடிந்ததை வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிப் பார்ப்பது. இதை ஸ்லைடு காட்டி நடத்தக்கூடாது. குழுவில் ஒருவர் ஓட்டிக் காட்டுவதைவிட, கடையில் தினமும் பில் போடுகிறவரையே விசைப்பலகை முன் உட்காரவைப்பது நூறு மடங்கு மேல். அவர் பொன்னி அரிசி என்று அடித்துவிட்டு, அளவுக் கட்டத்தில் விரலை நிறுத்தி, "மூட்டைக்கு எங்க அடிக்கிறது?" என்று கேட்பார். வாட்டர்ஃபாலில் ஆறாம் மாதம் வந்த அதே கேள்வி இங்கே பத்தாம் நாள் வந்துவிட்டது. இன்னும் கட்டப்படாத இருப்புக் கணக்குக்கு எந்தச் சேதமும் இல்லை.

அதன் பிறகு ரெட்ரோ. வேலை செய்த விதத்தைப் பற்றிக் குழு தனக்குள் பேசிக்கொள்வது. சோதனை எல்லாம் கடைசி இரண்டு நாளில் குவிந்தது என்று தெரிந்தால், "ஒரே நேரத்தில் மூன்று உருப்படிக்கு மேல் திறக்க வேண்டாம்" என்று ஒரு முடிவு எடுத்து அடுத்த ஸ்பிரின்டில் அதைச் செய்து பார்க்க வேண்டும். பத்துக் குறை எழுதி ஒன்றையும் மாற்றாத ரெட்ரோவுக்கு மூன்றாவது முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மீட்டிங்கிலேயே நேரம் போகிறது என்ற புகாருக்கு ஒரு கணக்கு. ஒரு மாத ஸ்பிரின்டுக்குக் கையேடு தரும் உச்சவரம்பு: திட்டமிடல் 8 மணி, ரிவ்யூ 4 மணி, ரெட்ரோ 3 மணி. இரண்டு வாரத்துக்கு அதில் பாதி என்று கொண்டால் 4, 2, 1½. தினமும் 15 நிமிடம் பத்து நாளைக்கு 2½. மொத்தம் 10 மணி; 80 மணி உழைப்பில் எட்டில் ஒரு பங்கு. இதைவிட அதிகம் போகிறது என்றால், ஸ்க்ரம் கூட்டங்களோடு பழைய வாராந்தர நிலவரக் கூட்டங்களையும் நிறுத்தாமல் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சுருக்கமாக: முதல் நாள் திட்டம், தினமும் சின்னத் திருத்தம், கடைசி நாள் பொருளையும் வேலை செய்த விதத்தையும் சோதித்தல், மறுநாளே அடுத்த சுழற்சி.

## 'முடிந்தது' என்றால் என்ன

சாயம் காய்ந்த சேலை இங்கே வருகிறது. ஒரு வேலை எந்த நிலையை எட்டினால் முடிந்தது என்று சொல்லலாம் என்று குழு எழுதிவைத்துக்கொள்ளும் அளவுகோலுக்கு டெஃபினிஷன் ஆஃப் டன் என்று பெயர். நம் குழுவுக்கு அது இப்படி இருக்கலாம்: நிரலை இன்னொருவர் படித்துப் பார்த்தாயிற்று, தானியங்கிச் சோதனைகள் தேறின, கடையில் இருக்கும் அதே மாடல் பிரிண்டரில் பில் அடித்துப் பார்த்தாயிற்று, பயன்பாட்டுக் குறிப்பு ஒரு பத்தி எழுதியாயிற்று. இந்த அளவை எட்டியது மட்டுமே இன்கிரிமென்ட், அதாவது ஏற்கெனவே ஓடுகிற பொருளோடு சேர்ந்து பயன்படுத்தத் தயாராக உள்ள புதுப் பகுதி. புராடக்ட் பேக்லாக், ஸ்பிரின்ட் பேக்லாக், இன்கிரிமென்ட், இவைதான் முன்பு சொன்ன மூன்று பொருள்கள்.

எட்டாதது தொண்ணூறு சதவீதம் ஆகியிருந்தாலும் ரிவ்யூவில் காட்டக்கூடாது. பேக்லாக்குக்குத் திரும்ப வேண்டும். இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் "கோடிங் முடிஞ்சது, டெஸ்ட்டிங் அடுத்த ஸ்பிரின்ட்ல" என்று ஒருமுறை விட்டுக்கொடுத்தால், மூன்று ஸ்பிரின்ட் கழித்துச் சோதிக்காத வேலை மலையாகக் குவிந்திருக்கும். முன்னேற்றத்தைக் காட்டும் எல்லா வரைபடமும் பச்சையாக இருக்கும், கடையில் பில் வராது. ஸ்க்ரத்தில் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக்கூடாது.

## நிறுவனத்துக்குள் கொண்டுவரும்போது

ஒரே நாளில் இருபது குழுவையும் மாற்ற வேண்டாம். ஒரு குழு, உண்மையான வாடிக்கையாளர் உள்ள ஒரு பொருள், குறைந்தது ஆறு ஸ்பிரின்ட். முதல் இரண்டு ஸ்பிரின்டில் எடுத்ததை முடிக்க முடியாமல் போவது இயல்பு. நடுவில் மேலிருந்து "இதையும் சேத்துக்கங்க" என்று வேலை வரும். அது ஸ்பிரின்டின் இலக்கைக் கெடுக்குமானால் பேக்லாக்கில் போட்டு அடுத்த திட்டமிடலுக்குக் காத்திருக்க வேண்டும். இதை மேலாளர் காப்பாற்றிக் கொடுக்காவிட்டால் வேறு யாராலும் முடியாது.

ஸ்டோரி பாயின்ட் பயன்படுத்தும் குழுக்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது ஒரு வேலை மற்றொன்றைவிட எத்தனை மடங்கு பெரியது என்று ஒரு குழு தனக்குள் போட்டுக்கொள்ளும் மதிப்பு. ஒரு குழுவின் 5 இன்னொரு குழுவின் 5 ஆகாது. "அந்த டீம் 60 பாயின்ட், நீங்க ஏன் 40?" என்று கேட்ட அடுத்த ஸ்பிரின்டிலேயே எல்லா 3-ம் 5 ஆகிவிடும், வேலை மட்டும் அதே அளவில் இருக்கும்.

எல்லா வேலைக்கும் ஸ்க்ரம் பொருந்தாது. நிறம் ஒத்துக்கொண்ட பிறகு போடும் மீதிச் சேலைகளுக்கு மாதிரி காட்டத் தேவையில்லை. தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்தால் போதும். எந்த நிமிடம் எந்தப் புகார் வரும் என்று தெரியாத சப்போர்ட் குழுக்களுக்கு இரண்டு வாரத் திட்டம் போட முடியாது. அவர்களுக்குக் கான்பான் பொருந்தும்: டொயோட்டா ஆலைகளிலிருந்து வந்த முறை. வேலைகளைப் பலகையில் அட்டையாக ஒட்டி, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் அட்டைகளுக்கு வரம்பு வைப்பது. மதுரையில் சப்போர்ட் வேலை செய்யும் குழுக்களும் நிறைய உண்டு. அவர்களை ஸ்க்ரத்துக்குள் திணிப்பது வீண் சிரமம்.

கடைசியாக ஒப்பந்தம். விலையும் தேதியும் முன்பே கட்டிப்போட்ட ஒப்பந்தத்தில் ஸ்க்ரம் நடக்காது என்பார்கள். நடக்கும், அம்சங்களின் பட்டியலையும் சேர்த்துக் கட்டாமல் இருந்தால். ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதிக்கொள்ளலாம்: நடுவில் புதிதாக ஒன்று உள்ளே வந்தால், அதே அளவுள்ள, இன்னும் தொடங்காத ஒன்று வெளியே போகும், விலை மாறாது. மூட்டைக்கும் சிப்பத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்று பத்தாம் நாள் தெரிந்ததும் முதலாளியிடம் பட்டியலை நீட்டி எதை விடலாம் என்று கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது இப்போதைக்கு வேண்டாம் என்று அவரே அடித்துவிடுவார்.